கடன் வந்தாலும் கடமை தீராது

1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து கொடிகாமம் வரை நடந்து வந்த நாம் தோட்டத்தையும் கிணற்றையும் விட்டு வந்தோம். கடன் மட்டும் கூடவே வந்தது. கடன் நெருக்கி, குடும்பம் பிரிந்த வீடுகளும் உண்டு. “நான் வங்குறோத்து, என்னிடம் ஒன்றுமில்லை” என்று கணவர் சொன்னால், மனைவி பிள்ளைகளின் நிலை என்ன? இரண்டு விடயங்களைப் படிப்போம்.

முதலாவது, தாபரிப்பு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி நீதவான் மாதப் பணம் கட்டக் கட்டளையிடலாம். விவாகரத்தானாலும் பிள்ளைக்குரிய கடமை நீங்காது. விளைச்சல் அழிந்து வருமானம் குறைந்தால், அதே நீதிமன்றில் விண்ணப்பித்துத் தொகையை மாற்றக் கேட்கலாம். சொல்லாமல் நிறுத்தினால் நிலுவை சேரும், மறியலும் வரலாம்.

இரண்டாவது, சீதனக் காணி. தேசவழமைக்குட்பட்டோருக்கான 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி மனைவியின் தனிச்சொத்து கணவரின் கடனுக்குப் பொறுப்பல்ல. ஆனால் ஒரு விலக்கு உண்டு: அந்தக் காணியைப் பயிரிட, பராமரிக்க, திருத்த, வரி கட்ட வாங்கிய கடன் அதைத் தொடும். மனைவி தானே கையொப்பமிட்டு ஈடு வைத்தாலும் காணி கட்டுப்படும். ஆகவே எந்தக் கடன் எதற்கு என்று கொப்பியில் எழுதிவைப்போம். வாசித்து விளங்காமல் ஒப்பமிடோம். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்போம். சட்டத்தரணிக்குப் பணமில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கூடிப் பேசுவோம்: நம் வீட்டுக் கடனில் எது காணிக்காக, எது வேறு தேவைக்காக வாங்கியது?