நுண்மையின் எல்லை

மாதவி ஆடிய அரங்கின் அளவைக் கூறப்புகுந்த இளங்கோவடிகள், 24 விரல் கொண்ட கோலொன்றை முதலில் வரையறுத்து, அதன் பின்னரே 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் எனக் கூறுகின்றார். அளவுகோலின் இயல்பறிந்து பணி தொடங்குதல் நம் முன்னோர் மரபென்பது இதனாற் பெறப்படும்.

சிற்பநூலாகிய மயமதம் இன்னும் நுணுகிச் செல்கின்றது. அதன்படி 8 பரமாணு ஒரு தேர்த்துகள். 8 தேர்த்துகள் ஒரு மயிர்நுனி. 8 மயிர்நுனி ஓர் ஈர். 8 ஈர் ஒரு பேன். 8 பேன் ஒரு யவம். 8 யவம் ஒரு விரல். ஆகவே ஒரு விரல் 2,62,144 பரமாணு ஆகும். முழம் 18 அங்குலமெனக் கொள்ளின், 24இல் ஒரு கூறாகிய விரல் ஏறக்குறைய 19 மில்லிமீற்றர், யவம் 2.4, பேன் 0.3, ஈர் 0.037, மயிர்நுனி 0.0047 மில்லிமீற்றர்.

இன்று கட்டட வரைபடங்களைக் கணினியில் வரைகின்றோம். அக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. றெவிற் என்னும் மென்பொருள் அங்குலத்தின் 32இல் ஒரு பங்கிற்குக் குறைந்த கோட்டை ஏற்க மறுத்து, அதனை வெளிப்படையாக அறிவிக்கும். ஸ்கெச்சப் என்பதோ 0.001 அங்குலத்திற்கு, அதாவது 0.0254 மில்லிமீற்றருக்கு, உட்பட்டு நெருங்கிய இரு புள்ளிகளை ஒன்றெனவே கொள்ளும், அதனை அறிவிப்பதுமில்லை.

மாணவரொருவர் தூணின் அணிவேலைக்காக 1 மில்லிமீற்றர் ஆரமுடைய மணியொன்றை வரைகின்றார் எனக் கொள்வோம். வட்டத்தை 24 பக்கமாக்கிச் சுழற்றின் மணி பழுதின்றி அமையும். மேலும் வழவழப்பு வேண்டி 96 பக்கமாக்கின், மணியின் உச்சியிலுள்ள பக்கங்கள் ஏறக்குறைய 0.004 மில்லிமீற்றராகச் சுருங்கும். அது மயிர்நுனியினுஞ் சிறிது. எனவே உச்சியில் துளை விழும். மாணவர் தம் கைப்பிழையென வருந்துவர். பிழை கையினதன்று, எல்லை அறியாமையே.

இதற்குப் பரிகாரம் எளிது. உருவை 1000 மடங்கு பெருக்கி வரைந்து, முடித்தபின் அவ்வளவிற்குக் குறுக்குக. முன்னரே அமைந்த பக்கங்கள் குறுகியும் அழியா. குறுக்கியபின் திருத்தப் புகுதல் மட்டும் ஆகாது. ஆயின் அதற்குமுன் ஒரு வினா உண்டு: உளி செதுக்கவியலாத நுண்மையைக் கோடு காட்டுவதாற் பயன் யாது? பணிக்கு வேண்டும் அளவை முதலில் துணிதலே அறிவுடைமை.

இஃது ஏட்டுப் பாடம் மட்டுமன்று. கொச்சிக்கடையில் 1857ஆம் ஆண்டில் பொன்னம்பல முதலியார் நிறுவ, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை நம்மவர் பலரும் அறிவர். அத்தகைய கோயில்களை அளந்து வரைந்து வைக்கும் பணி நம் மாணவர் கைக்கு வருதல் கூடும். கருவி ஓசையின்றி விழுங்கிய ஒரு வரியை, கல்லிலும் இல்லாததென்றே பின்வருவோர் நம்புவர். ஆதலின் வரைந்ததைக் கல்லோடு ஒப்புநோக்குக. கருவியின் எல்லையையும் வரைபடத்தின் ஓரத்திற் குறித்து வைக்குக. அளவறிந்து வரைந்தவனது படமே பிற்காலத்துக்குச் சான்றாகும்.