இழைய வளர்ப்பில் உண்டாக்கிய அவரைக் குடும்ப மரக்கன்றுகளைப் பேணுதல்

சீமைக்கிளுவைக் கதியாலை வெட்டி வேலியில் நாட்டினால் அது தானே வேர்விட்டுத் தளிர்க்கும். அதனை ஆய்கூடத்திற் போத்தலில் வளர்க்க முற்படுவது வீண் செலவாகும். ஆயினும், அவரைக் குடும்பத்து மரங்கள் பலவற்றில் முதிர்ந்த கிளையின் துண்டு எளிதில் வேர்விடாது. விதையாலுண்டாகும் கன்றுகளோ தாய்மரத்தின் குணங்களை முற்றாகக் கொண்டிருப்பதில்லை. இத்தகைய மரங்களுக்கே இழைய வளர்ப்பு ஏற்றது.

மரத்தின் அரும்பொன்றை வெட்டியெடுத்து, வெளிற்றும் நீரில் கிருமிநீக்கி, ஏகார் சேர்ந்த வளர்ப்பூடகத்தில் வைப்பர். 1962 ஆம் ஆண்டில் முராசிகி, இசுகூக் என்போர் வெளியிட்ட ஊடகமே பெரிதும் வழங்குகின்றது. அதில் இலீற்றருக்கு 30 கிராம் சீனி உண்டு. சைற்றோகைனின் தளிர்களைப் பெருக்கும். ஒட்சின் வேரை உண்டாக்கும். முதிர்மரத்துத் துண்டுகள் வெட்டுவாயிற் கறுத்துப் பெரும்பாலும் மடிந்துவிடும். இளங்கன்றின் துண்டு நன்கு வளருமாயினும், அக்கன்று எத்தகைய மரமாகுமென அப்போது எவருமறியார். எனவே, தெரிந்தெடுத்த மரத்தைத் தறித்து, அடிக்கட்டையில் முளைக்கும் தளிர்களைக் கொள்வதே நன்று.

போத்தலின் ஈரக்காற்றில் வளர்ந்த இலைகளின் மெழுகுப்படை மெல்லியது. இலைவாய்களும் செவ்வையாக மூடா. வெயிலில் வைத்தால் ஒரே பகலில் வாடிவிடும். வேரில் ஒட்டிய ஏகாரை முற்றாகக் கழுவுக. அதிலுள்ள சீனி பங்கசை வரவழைக்கும். பின்பு சட்டியில் நட்டு, கிடுகுப் பந்தலின் கீழ் பொலித்தீன் உறையால் மூடி, இரண்டு மூன்று கிழமைகளிற் சிறிது சிறிதாகத் திறந்துவருக.

இனிக் கூறுவதே பலராற் கவனிக்கப்படாதது. போத்தற் கன்று கிருமியற்றது. ஆதலால் வேர்முடிச்சை உண்டாக்கிக் காற்றின் நைதரசனை நிலைப்படுத்தும் இறைசோபியம் பற்றீரியாவும் அதனிடம் இல்லை. கிருமிநீக்கிய மணலில் நட்ட கன்று சில காலத்தில் மஞ்சளிக்கும். உடனே யூரியாவை அள்ளியிடுதல் தகாது. மிகுந்த நைதரசன் உரம் வேர்முடிச்சுக்களைத் தோன்றவொட்டாது தடுக்கும். கன்று புதிய இலை விட்டதும், அதே இன மரமொன்று நோயின்றி நிற்குமிடத்தில், அதன் வேரடி மண்ணை ஒரு கைப்பிடி எடுத்துச் சட்டியில் இடுக. வேறின மரத்து மண் பயன்படாது போகலாம். இப்பில் இப்பில் மரம் தனக்குரிய பற்றீரிய வகையையே வேண்டுவது. இரண்டு மாதத்தின் பின் ஒரு கன்றைப் பிடுங்கி முடிச்சொன்றை நகத்தாற் பிளந்து பார்க்குக. உள்ளே இளஞ்சிவப்பாயின் அது தொழிற்படுகின்றது. வெண்மையாயின் மீண்டும் மண் இடல் வேண்டும்.

புளியும் கொன்றையும் இக்குடும்பத்தனவே. எனினும் அவற்றில் வேர்முடிச்சு உண்டாவதில்லை. அவற்றுக்கு மக்கிய எருவும் அளவான உரமுமே இடுக.