காது குத்திய பிறகு: வீட்டில் சொல்வதும் உண்மையில் நடப்பதும்

வெளியூர்க்காரர்களுக்குச் செஞ்சி என்றால் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் வளைத்த மதில், 2025 ஜூலையில் கிடைத்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை. இந்தச் சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கோ செஞ்சி, மேல்மலையனூர் போகும் வழியும்கூட. அங்காளம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்த வேன் பிடித்து இந்தச் சாலையில்தான் போகிறார்கள்.

அங்கே நடப்பது நமக்கெல்லாம் தெரியும். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். மழித்த தலையில் சந்தனம் ஈரமாக இருக்கும். ஆசாரி கூர் சீவிய தங்கக் கம்பியால் சோணையைக் குத்தி, வளைத்து, முனையை முறுக்கிவிடுவார். சில நிமிட வேலைதான். கொஞ்சம் பொறுமையாகக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். வெயிலில் சந்தனம் கரைந்து, ஒட்டியிருந்த பொடிமுடியையும் சேர்த்துக்கொண்டு காதுக்குப் பின்னால் வழிகிறது, நேராகப் புதுத் துளையை நோக்கி. அதற்குள் அத்தை ஒரு முறை, பாட்டி ஒரு முறை, சித்தப்பா ஒரு முறை என்று ஆளுக்கொரு தடவை பிள்ளையின் காதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலான காதுகள் கெட்டுப்போவது குத்திய விதத்தால் அல்ல. அதற்குப் பிறகு பாசத்தோடு நாம் செய்யும் காரியங்களால்தான்.

முதலில் மஞ்சள். "மஞ்சளைக் குழைத்துப் போடு, ரெண்டே நாளில் ஆறிடும்" என்று சொல்லாத வீடு இல்லை. மஞ்சளுக்கு நுண்ணுயிர்களை அடக்கும் குணம் உண்டு என்பதை ஆய்வுக்கூடங்களும் காட்டியிருக்கின்றன, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் தூள், கிருமி நீக்கிய மருந்து அல்ல. எத்தனையோ கை பட்ட, ஈரக் கரண்டி புகுந்த பொருள் அது. துளையின் வாயில் அப்பினால் காய்ந்து கெட்டியாகி, உள்ளிருந்து கசிய வேண்டிய நீரை அடைத்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய்க்கும் இதே கதைதான். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுதாக ஆறிய காதுக்கு எண்ணெய் தடவுவதில் குற்றமில்லை, பச்சைப் புண்ணுக்கு வேண்டாம். கம்மல் போடும்வரை துளை தூர்ந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சியோ விளக்குமாற்று ஈர்க்கோ சொருகுவது இவற்றைவிட மோசம். ஈர்க்கின் சிம்பு உள்ளேயே ஒடிந்து தங்கலாம்.

அடுத்த தரப்பு படித்த வீடுகளின் தரப்பு: "டெட்டால் வைத்துத் துடை, எரிந்தால்தான் கிருமி சாகும்." டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவானாலும் கிருமியை மட்டும் தேடிக் கொல்வதில்லை, துளையை மூட வளர்ந்துவரும் இளந்தோலையும் சேர்த்துக் கருக்குகிறது. புண் ஆறும் நாள்தான் நீளும். கிருமிநாசினி என்று பெயர் எழுதிய பாட்டிலையும் கண்ணை மூடி நம்ப முடியாது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு சிறு நகைக்கடையில் காது குத்திக்கொண்டவர்களில் பலருக்கு ஒரே மாதிரியான கடும் தொற்று வந்தது. சுகாதாரத் துறை தேடிப் போனபோது, கிருமிநாசினி தெளிக்கும் பாட்டிலுக்குள்ளேயே சூடோமோனாஸ் என்ற கிருமி குடியிருந்தது தெரியவந்தது.

அப்படியானால் எதைத்தான் போடுவது? உப்புநீர். மெடிக்கல் ஷாப்பில் "நார்மல் சலைன்" என்று கேட்டால் கொடுப்பார்கள், 0.9 சதவீத உப்புக் கரைசல், நம் உடம்பின் நீருக்குச் சமமான உப்பு. முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். சுத்தமான மெல்லிய துணியைச் சலைனில் நனைத்துத் துளையின் முன்னும் பின்னும் சற்று நேரம் ஒற்றி வையுங்கள். ஊறி இளகிய பொருக்கு தானாக வந்தால் எடுத்துவிடுங்கள், வராததை நகத்தால் பெயர்க்காதீர்கள். ஈரத்தை ஒற்றி உலர்த்துங்கள். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை போதும். உடைத்த பாட்டிலை நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். சலைன் கிடைக்காத ஊரில் ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்து ஆறவிட்டு அன்றன்றைக்குப் பயன்படுத்தலாம். உப்பு அதிகமானால் நல்லது என்று கூட்டிப் போடாதீர்கள், தோல் வறண்டு வெடிக்கும்.

"தினமும் கம்மலைத் திருகிவிடு, இல்லாவிட்டால் சதையோடு ஒட்டிக்கொள்ளும்" என்பதில் மருத்துவ உலகத்துக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. சில தோல் மருத்துவ அமைப்புகள் மெல்லச் சுழற்றச் சொல்கின்றன. உடலில் துளையிடுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் சங்கங்கள் கூடவே கூடாது என்கின்றன. நான் பின்னவர்கள் பக்கம். புதுத் தோல் துளையின் இரு வாயிலிருந்தும் உள்நோக்கி வளர்கிறது. ஒவ்வொரு திருகலும் அந்தத் தோலைக் கிழித்து, வெளியே காய்ந்திருக்கும் பொருக்கையும் உள்ளே இழுத்துச் செல்கிறது.

இப்படி வெளியிலிருந்து உள்ளே ஆறுவதால்தான் ஒரு பெரிய ஏமாற்றமும் நேர்கிறது. மூன்றாவது வாரத்தில் பார்த்தால் காது நன்றாக ஆறியது போலிருக்கும். வீட்டில் ஒரு கல்யாணம் வரும். உடனே கம்பியைக் கழற்றி ஜிமிக்கி மாட்டிவிடுகிறோம். உள்ளே பச்சைப் புண், வெளியே கனத்த நகை. சோணைக்கு ஆறு முதல் எட்டு வாரம், மூக்குக்குச் சில மாதங்கள், காது மடலின் மேல்பகுதிக்கும் தொப்புளுக்கும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை போட்ட நகை போட்டபடியே இருக்கட்டும்.

தங்கத்தைப் பற்றிய நம்பிக்கையில் உண்மை நிறையவே உண்டு. நல்ல 22 காரட் தங்கம் தோலுக்கு ஆகாமல் போவது அரிது. தொல்லை தருவது பெரும்பாலும் நிக்கல். கவரிங்கிலும், சில வெள்ளைத் தங்க நகைகளிலும், மலிவான ஃபேன்சி கம்மல்களிலும் அது இருக்கும். புதுத் துளை வழியாக நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை ஒட்டிக்கொண்டால் வாழ்நாள் முழுக்க விடாது. கடிகாரப் பட்டையும் ஜீன்ஸ் பொத்தானும்கூட அரிக்கத் தொடங்கும். இதற்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் நிக்கலுக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டது. நம் ஊரில் தங்கத்துக்கு 2021 முதல் ஹால்மார்க் கட்டாயம் என்றாலும், 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குழந்தைக் கம்மல் பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் வரும். ஆகவே நம்பிக்கையான கடையில் கேட்டு வாங்குங்கள். திருகாணியையும் கவனியுங்கள். கழன்றுவிடுமோ என்று இறுக்கி முடுக்கினால், காது வீங்கும்போது சதை திருகாணியையே விழுங்கிவிடும். பிறகு மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும். தண்டுக்கும் சதைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள்.

கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை எல்லாம் கரப்பான் பண்டம், தின்றால் சீழ் கோக்கும் என்பார்கள். அந்த உணவு ஒத்துக்கொள்ளாத உடம்பைத் தவிர மற்றவர்களுக்கு இதில் உண்மை இல்லை. புண் ஆற மீனும் முட்டையும் தரும் புரதம் தேவை. பத்தியம் என்று பிள்ளையை ரசஞ்சோற்றில் வாட்டாதீர்கள்.

கசிவதெல்லாம் சீழ் அல்ல. முதல் சில வாரங்களில் வெளிறிய நீர் கசிந்து கம்பியில் பொருக்காகக் காய்வது இயல்பு. கெட்டியாக மஞ்சளோ பச்சையோ வடிந்து, நாறி, சிவப்பு பரவி, சூடாகி, வலி நாளுக்கு நாள் கூடினால்தான் அது தொற்று. அப்போதும் பதறிக் கம்மலைக் கழற்ற வேண்டாம். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளே சிறைப்படும். கழற்றலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். துளையருகே மாதங்கள் கழித்து வழவழப்பாக வளரும் மேடு வேறு விஷயம். அது கீலாய்டு, தொற்றும் அல்ல, யாருடைய கண்ணேறும் அல்ல. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அதிகம் வரும், குடும்பவழியும் உண்டு. கீலாய்டு உள்ள குடும்பங்களில் 11 வயதுக்கு முன் காது குத்தினால் அந்த ஆபத்து குறைவு என்று 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. சிறு வயதிலேயே குத்திவிடும் நம் வழக்கத்துக்கு இது ஆதரவான செய்தி. ஆனால் 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசிகளை முடித்துவிட்டுக் குத்துங்கள், ரணஜன்னிப் பயம் இருக்காது.

காது குத்தினால் குடலிறக்கம் வராது என்ற பேச்சுக்கு சுசுருத சம்ஹிதை வரை வேர் இருக்கிறது, மருத்துவ ஆதாரம் மட்டும் இல்லை. அதே நூல், சோணையை வெயிலுக்கு நேரே பிடித்து, வெளிச்சம் ஊடுருவும் இடம் பார்த்துக் குத்தச் சொல்கிறது. இரத்த நாளத்தைத் தவிர்க்கும் அந்த யோசனை இன்றைக்கும் செல்லும்.

மேல்காது விஷயத்துக்கு வருவோம். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் சோணையோடு நிறுத்துவதில்லை. காதின் மேல்விளிம்பில் ஒன்று, நடுமடலில் ஒன்று என்று ஃபேன்சி கடையில் துப்பாக்கி வைத்து அடித்துக்கொண்டு வருகிறார்கள். "காதுதானே, எங்கே குத்தினால் என்ன" என்பது இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லா நம்பிக்கைகளிலும் ஆபத்தானது. சோணை சதை, மேல்காது குருத்தெலும்பு. குருத்தெலும்புக்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது, மேலே போர்த்திய மெல்லிய சவ்விலிருந்துதான் உணவு வாங்கிக்கொள்கிறது. துப்பாக்கி மழுங்கிய முனையை அடித்து இறக்கும்போது அந்தச் சவ்வு சிதைகிறது. பிளாஸ்டிக் துப்பாக்கியை அழுத்த நீராவியில் வைத்துக் கிருமி நீக்கவும் முடியாது. அதன்பிறகு கிணற்றிலோ ஏரியிலோ முங்கிக் குளித்தால், தண்ணீரில் வாழும் சூடோமோனாஸ் உள்ளே போக வழி திறந்தே இருக்கிறது. ஹெல்மெட் உரசல், அழுத்திப் பிடித்த செல்போன், அந்தப் பக்கமே படுத்துத் தூங்குவது எல்லாம் அதற்குத் துணை. ஓரிகனில் காது கெட்டவர்களும் மேல்காதில் குத்திக்கொண்டவர்கள்தான். சூடோமோனாஸ், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அமாக்சிசிலினுக்கு அடங்காது. சில நாள் தாமதித்தாலே குருத்தெலும்பு கரைந்து, காது சுருங்கி, உருவம் நிரந்தரமாக மாறிவிடும். கட்டாயம் மேல்காதில் குத்தித்தான் ஆக வேண்டுமென்றால், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் புது ஊசியால், கையுறை போட்டுக் குத்துகிறவரிடம் போங்கள்.

மேல்காது சிவந்து, வீங்கி, தொட்டால் சுள்ளென்று வலித்தால் மஞ்சளும் வேண்டாம், மாத்திரையும் வாங்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். செஞ்சியிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது; காது மூக்கு தொண்டை நிபுணர் தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரண்டு இடத்திலும் காட்டிவர ஆகும் செலவு பஸ் கட்டணம் மட்டுமே.