வழக்கே இலக்கணத்தின் வேர்: ஆங்கிலத் தொடரமைப்பைப் பயிலும் ஒரு நெறி

முன்னுரை

ஆங்கில இலக்கணத்தைப் பல்லாண்டுகள் பயின்ற நம் மாணவருட் பலர், செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக என்றால் பிழையின்றி மாற்றுகின்றனர், நேர்கூற்றை அயற்கூற்றாக்குகின்றனர், தேர்வில் நன்மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அவர்களே வேலைவாய்ப்புக்கு ஒரு விண்ணப்பம் எழுத அமரும்பொழுது முதல் தொடரிலேயே தயங்கி நிற்கின்றனர். தமிழ்வழியில் பயின்று, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவர்க்கு இத்தயக்கம் வாழ்வையே பாதிக்கும் தடையாகிவிடுகிறது. விதியை அறிந்தவர் மொழியைக் கையாள இயலாமல் திகைப்பது ஏன்? மெய்யான மொழி வழக்கிலிருந்து இலக்கணத்தைக் கற்கும் நெறி இதற்கு எவ்வாறு துணைபுரியும்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபும் வழக்கும்

இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது என்பது தமிழறிந்தோர்க்குப் புதிய செய்தியன்று. உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஆராய்ந்தே தொல்காப்பியம் இயற்றப்பட்டது என்பதை அதன் பாயிரம் தெளிவுறுத்துகிறது. மக்கள் நாவிலும் புலவர் பாவிலும் வழங்கியதைக் கண்டு, தொகுத்து, வகுத்த பின்னரே விதி பிறந்தது. இம்மரபில் வந்த நாம், ஆங்கிலத்தைப் பயிலும்பொழுது மட்டும் விதியை முதலில் நெட்டுருச் செய்து, வழக்கைப் பின்னர்த் தேடுகிறோம்.

மேலைநாட்டார் முயற்சிகள்

வினைச்சொல் ஒவ்வொன்றும் எத்தகைய தொடரமைப்பை ஏற்கும் என்பதை வகைப்படுத்திக் காட்டிய அகராதியொன்றை ஏ. எஸ். ஹார்ன்பியும் அவர்தம் துணைவரும் 1942 இல் ஜப்பானில் வெளியிட்டனர். ராண்டால்ப் குவர்க் 1959 இல் ஆங்கில வழக்கு ஆய்வைத் தொடங்கினார். 1961 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து, ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட 500 பகுதிகளைத் திரட்டி, 10 இலட்சம் சொற்கள் அடங்கிய தொகுதியைப் பிரவுன் பல்கலைக்கழகத்தார் கணிப்பொறியில் ஏற்றினர். இத்தகைய தொகுதியையே 'தரவகம்' என வழங்குகிறோம்.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில் 1980 இல் தொடங்கிய 'கோபில்ட்' திட்டம் இத்துறையில் ஒரு திருப்பமாகும். தரவகச் சான்றுகளை அடிப்படையாகக் கொண்ட அதன் அகராதி 1987 இலும், இலக்கண நூல் 1990 இலும் வெளிவந்தன. கில் பிரான்சிஸ், சூசன் ஹன்ஸ்டன், எலிசபெத் மேனிங் ஆகியோர் தொகுத்த வினைச்சொல் அமைப்புகள் பற்றிய நூல் 1996 இல் வந்தது.

நம் நாட்டிலும் இம்முயற்சி நிகழ்ந்தது. 1978 ஆம் ஆண்டின் இந்திய ஆங்கில எழுத்துகளிலிருந்து 10 இலட்சம் சொற்களைத் திரட்டிய தரவகம், கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் 1986 இல் நிறைவுற்றது.

அமைப்பும் பொருளும்

இவ்வாய்வுகள் உணர்த்தும் முதன்மையான உண்மை ஒன்றுண்டு. சொல் தனித்து நிற்பதில்லை. தனக்குரிய தொடரமைப்போடு கூடியே பொருள் தருகிறது. 'கேள்' என்னும் நம் வினையையே காண்க. 'பாட்டைக் கேட்டான்' என்பதில் செவிப்புலனும், 'அவனிடம் பணம் கேட்டான்' என்பதில் இரத்தலும், 'ஏன் என்று கேட்டான்' என்பதில் வினவலும் பொருளாகின்றன. வினை ஒன்றே, அமைப்பு மாறப் பொருளும் மாறுகிறது.

ஆங்கிலத்தில் 'என்டர்' என்னும் வினையும் இவ்வாறே. அறைக்குள் நுழைவதைக் குறிக்கும்பொழுது அது 'என்டர் த ரூம்' என இடைச்சொல் இன்றி வரும். ஒப்பந்தம் செய்துகொள்வதைக் குறிக்குமாயின் 'என்டர் இன்ட்டு அன் அக்ரிமென்ட்' என 'இன்ட்டு' சேர்ந்து வரும். 'இன்ட்டு' தவறு என்று மட்டும் கற்றவர் இரண்டாம் இடத்தில் இடறுவர். இரு வகைத் தொடர்களையும் அருகருகே கண்டவர் இடறார்.

நம் மாணவர் பிழைகளிற் பல, தமிழ் வேற்றுமை உருபுகளின் நிழலாகவே தோன்றுகின்றன. 'எனக்குப் பாடம் கற்பித்தார்', 'எனக்குப் பாடத்தை விளக்கினார்' என இரண்டிலும் நாம் 'எனக்கு' என்கிறோம். ஆங்கிலத்தில் 'டாட் மீ' என்பது சரி. 'எக்ஸ்பிளெயின்ட் மீ' என்பது வழக்கன்று. 'எக்ஸ்பிளெயின்ட் டு மீ' எனல் வேண்டும். 'அதனைப் பற்றி விவாதித்தோம்' என்னும் தமிழ்த்தொடரே 'டிஸ்கஸ் அபவுட்' என்பதற்கு வழிவகுக்கிறது. இஃது இந்தியப் பேச்சு ஆங்கிலத்தில் பெரிதும் செவிப்படுவதே; எனினும் தேர்வுத்தாளிலும் அலுவல் மடலிலும் பிழையாகவே கொள்ளப்படும். எவ்விடத்தில் எவ்வழக்கு ஏற்கப்படும் என்பதும் மொழியறிவின் ஒரு கூறே.

சொற்கள் தம் கூட்டத்தைத் தாமே தெரிந்துகொள்வதும் உண்டு. தமிழில் 'விபத்து நேர்ந்தது' என்போம். 'மகிழ்ச்சி நேர்ந்தது' என்னோம். ஆங்கிலத்தில் 'காஸ்' என்னும் வினை பெரும்பாலும் சேதம், தொல்லை, இறப்பு முதலிய தீய பொருட்சொற்களோடு வருவதைத் தரவகங்கள் காட்டுகின்றன. ஆசிரியர் தம் வெற்றிக்குக் காரணமாயினார் என எழுத விழையும் மாணவர் இவ்வினையைப் பயன்படுத்தினால், தொடர் விதிக்கு முரணாகாது; ஆயினும் நயமாகவும் இராது. இந்நுட்பத்தை இலக்கண நூலின் பொதுவிதி கற்பிப்பதரிது, எடுத்துக்காட்டுகளே கற்பிக்கும்.

வகுப்பறையில் செய்யத்தக்கன

மாணவர் தாமே ஆய்வாளராகித் தரவுகளிலிருந்து விதி காணும் முறையைப் பர்மிங்காமைச் சார்ந்த டிம் ஜான்ஸ் என்னும் ஆசிரியர் வளர்த்தார். இதற்குக் கணிப்பொறி இருப்பின் நலம். இன்று கைப்பேசியிலேயே தரவகங்களைத் தேட இயலும். அவ்வசதி இல்லாதார்க்கும் நாளிதழும் குறிப்பேடும் போதும்.

முதலாவதாக, வாரம் ஒரு வினைச்சொல்லைத் தெரிந்துகொள்க. இரண்டாவதாக, அச்சொல் வரும் பத்துத் தொடர்களை ஆங்கில நாளிதழ்களிலிருந்து தொகுக்க. மூன்றாவதாக, அச்சொல் ஒரே நேர்க்கோட்டில் நடுவில் அமையுமாறு அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுக. இதுவே தொடரடைவு எனப்படும். நான்காவதாக, சொல்லின் வலப்புறத்தில் வருவன யாவை எனக் கண்டு, ஒத்தவற்றை ஒன்றாக்குக. ஐந்தாவதாக, அதே கருத்தைத் தமிழில் எவ்வுருபு கொண்டு சொல்வோம் என ஒப்பிட்டு, சொந்தமாக ஐந்து தொடர்கள் எழுதி ஆசிரியரிடம் காட்டுக. இப்பணியில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கைகோத்தல் நலம் பயக்கும்.

சில எச்சரிக்கைகள்

பத்துத் தொடர்களைக் கொண்டு முடிந்த முடிபு கூறலாகாது. தொகுத்தவற்றில் காணப்படாத அமைப்பு மொழியில் இல்லை என்றும் கொள்ளலாகாது. அச்சில் வந்ததனாலேயே ஒன்று செம்மையானதாகிவிடாது. சூழலினின்று பிரித்தெடுத்த தொடர் கற்பார்க்கு உயிரற்றதாகத் தோன்றலாம் என்னும் கருத்தை ஹென்றி விடோசன் போன்ற அறிஞர் முன்வைத்துள்ளனர். ஆதலின், தொடக்கநிலை மாணவர்க்கு எளிய தொடர்களைத் தேர்ந்து, சூழலையும் விளக்குவது ஆசிரியர் கடனாகும். விதிகளும் வேண்டுவனவே, அவை கண்டறிந்ததைத் தொகுத்து நிறுத்தப் பயன்படும்.

முடிவுரை

பிறர் வகுத்த விதியை ஏற்று அஞ்சி எழுதுவோர்க்கு மொழி என்றும் அயலதாகவே நிற்கும். பத்துத் தொடர்களைத் தாமே தேடி, அவற்றின் ஒழுங்கைத் தாமே கண்டவர், 'இவ்வாறே வழங்குகின்றனர்' எனச் சான்று காட்டும் துணிவு பெறுவர். அத்துணிவே விண்ணப்பத்தின் முதல் தொடரைத் தயக்கமின்றி எழுதச் செய்யும். வழக்கைக் கண்டு இலக்கணம் செய்த முன்னோரின் நெறியை ஆங்கிலக் கல்விக்கும் உரியதாக்கிக்கொள்வோமாக.