அட்வான்ஸ் கொடுக்கும் இடம் அதுவல்ல

முதல் கார் வாங்க நினைக்கிற குடும்பத்துக்கு வாகனக் கண்காட்சி நல்ல இடம்தான். ஆனால் அட்வான்ஸ் கொடுக்க ஏற்ற இடம் அல்ல என்பது என் கட்சி. 1986-இல் டெல்லி பிரகதி மைதானத்தில் தொடங்கி, 2014-இல் கிரேட்டர் நொய்டாவுக்குப் போன ஆட்டோ எக்ஸ்போவும், 2025 ஜனவரியில் டெல்லி பாரத் மண்டபத்தில் நடந்த பாரத் மொபிலிட்டி கண்காட்சியும் பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு எட்டாத தூரம். நமக்குக் கிடைப்பது திருச்சியிலோ சென்னையிலோ நடப்பவையும், மண்டப வாசலில் நாலைந்து வண்டிகளை நிறுத்தி நடத்துகிற லோன் மேளாக்களும்தான். பெரிதோ சிறிதோ, எல்லாவற்றிலும் வண்டி நின்றுகொண்டிருக்கிறது. பார்க்க வந்தவரைத்தான் ஓட விடுகிறார்கள்.

மேடையில் நிற்கிற கார் வேறு, வீட்டு வாசலுக்கு வருகிற கார் வேறு. 2008 ஜனவரி 10 அன்று டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் டாடா நானோவை அறிமுகப்படுத்தியபோது ஊரெல்லாம் பேசியது ஒரு லட்சம் ரூபாயைப் பற்றி. அந்த ஒரு லட்சத்தில் வரியும் வண்டியைக் கொண்டுவரும் செலவும் சேரவில்லை. அடிப்படை மாடலில் ஏசியும் கிடையாது. தொழிற்சாலையைச் சிங்கூரிலிருந்து சனந்துக்கு மாற்ற வேண்டியதாகி, முதல் வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போனது 2009 ஜூலையில். இன்னொன்று, டாடா சியரா. 2020 ஆட்டோ எக்ஸ்போவில் மின்சார கான்செப்ட் காராகக் காட்டினார்கள், 2023-இலும் காட்டினார்கள். 2025 நவம்பரில் முதலில் விற்பனைக்கு வந்தது பெட்ரோல், டீசல் சியரா. ஏமாற்றினார்கள் என்று இதைச் சொல்ல முடியாது. கண்காட்சியின் இயல்பே அது. மேடையில் சுழல்கிற காரை நம்பிக் காத்திருப்பவர் கிட்டத்தட்ட ஆறு வருடம் பஸ்ஸிலேயே போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் எதற்குப் போக வேண்டும், யூடியூபில் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இன்ஜின், மைலேஜ், பாரத் என்கேப் பாதுகாப்பு நட்சத்திரம் எல்லாம் வீடியோவில் தெரிந்துவிடும். முட்டிவலி உள்ள அம்மா பின்சீட்டில் ஏறி இறங்க முடியுமா என்பது தெரியாது. நம் ஊர்களில் எல்லா கம்பெனிக்கும் ஷோரூம் இல்லை. நாலு கம்பெனி வண்டிகளில் ஒரே நாளில், ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறி உட்கார்ந்து பார்க்கிற வசதி கண்காட்சியில்தான் உண்டு. அதை முழுசாகப் பயன்படுத்த வேண்டும். ஓட்டப்போகிறவர் மட்டும் போகாமல் வீட்டில் வயதானவர், உயரமானவர், குழந்தை எல்லோரையும் அழைத்துப் போங்கள். பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்துக் கதவைச் சாத்துங்கள். டிக்கியைத் திறந்து தரைக்கும் அதன் விளிம்புக்கும் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். சின்ன வெங்காய மூட்டையைத் தூக்கிப் போடுகிறவருக்கு அது முக்கியம். சிஎன்ஜி வண்டியென்றால் சிலிண்டர் எவ்வளவு இடத்தை விழுங்குகிறது, ஸ்டெப்னி எங்கே போனது என்று கேளுங்கள். நிறுத்தியிருப்பது பெரும்பாலும் விலை கூடிய டாப் மாடல்தான். நீங்கள் வாங்கப்போகிற மாடலில் இவற்றில் எதெல்லாம் இருக்காது என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான் அன்றைய பெரிய வேலை.

விலைக்கு வருவோம். கண்காட்சியில் தட்டியில் எழுதியிருப்பது எக்ஸ் ஷோரூம் விலை; ஆயுள் வரி அதற்கு மேல். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் புதுக் காருக்கான ஆயுள் வரி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் 10 லட்சம் என்கிற கோட்டை நன்றாகக் கவனிக்க வேண்டும். 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் காருக்கு வரி சுமார் 1 லட்சத்து 29 ஆயிரம். 10 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் காருக்கு சுமார் 1 லட்சத்து 82 ஆயிரம். “இருபதாயிரம் சேர்த்துப் போட்டால் அடுத்த மாடல் சார், சன்ரூஃப் வந்துடும்” என்று விற்பனையாளர் சொல்கிற இருபதாயிரம், வரியோடு சேர்ந்து எழுபத்து மூவாயிரம் ஆகிவிடுகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீத டிசிஎஸ் (விற்பவர் பிடித்துக் கட்டுகிற வருமான வரி) வேறு. வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும் அன்று கையிலிருந்துதான் போகும். இந்தக் கணக்கை மாதத் தவணைக்குள் போட்டுக் கரைத்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. மாதம் எவ்வளவு கட்டலாம் என்ற கேள்வியோடு விற்பனையாளர் பேச்சைத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். நீங்கள் ஆன்ரோடு மொத்தத்திலிருந்து தொடங்குங்கள்.

கண்காட்சி அன்று மட்டும் கிடைக்கிற தள்ளுபடியை விடலாமா என்பது நியாயமான கேள்வி. தள்ளுபடி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதன் பெரும்பகுதி இன்சூரன்ஸ், சீட் கவர், கோட்டிங் என்று வேறு வழியில் வந்த வேகத்திலேயே போய்விடும். புதுக் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம்; அதை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அவசரத்துக்கு 2025 நல்ல பாடம். ஜிஎஸ்டி குறையும் என்று ஆகஸ்ட் 15 அன்றே பிரதமர் சொல்லிவிட்டார். செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் அதன்மேல் இருந்த செஸ்ஸும் போய் 18 சதவீதம் மட்டும் என்றானது. அதற்கு முந்தைய வாரங்களில் “இன்றே கடைசி” என்பதை நம்பி பில் போட்டவர் இழந்தது எந்தத் தள்ளுபடியையும் விடப் பெரிய தொகையாக இருந்திருக்கும்.

கடைசியாக, சாலை. அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற டிப்பர்களுக்கு நடுவில் ஓட்டப்போகிறவருக்கு, கம்பளம் விரித்த அரங்கில் நிற்கிற வண்டி எதையும் சொல்லாது. லாரியை முந்தும்போது இரண்டாவது கியரில் இழுவை எப்படி, ஐந்து பேர் ஏறினால் வேகத்தடையில் அடி தட்டுகிறதா, பெரம்பலூர்ப் பக்கம் சாலையில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயும்போது ஒதுங்கிப் போக வளைவு போதுமா என்பதெல்லாம் ஓட்டினால்தான் தெரியும். சர்வீஸுக்கு ஒவ்வொரு முறையும் திருச்சிக்குப் போக வேண்டுமா என்பதையும் கேட்டாக வேண்டும். ஒரு பகல் வேலை கெட்டால் அதுவும் செலவுதான். ஆகவே கண்காட்சியில் இரண்டு வண்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்புங்கள். பிறகு உள்ளூர் டீலரிடம் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் – அரியலூர் சாலையில் டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போதும் என்று சொல்கிறவரிடம் வண்டி எடுக்காதீர்கள்.