தீ விபத்தும் நஷ்டஈட்டுக் கோரிக்கையும்

நெசவாளர் வீட்டில் தீப்பற்றினால் எரிவது வீடு மட்டுமன்று. தறியும் பாவும், சங்கத்திலிருந்து வாங்கி வந்த நூலும் அதே கூரையின்கீழ் இருப்பவை. இவை இன்ஷூரன்ஸ் கணக்கில் வெவ்வேறு இனங்களாம் என்பதை அங்கத்தினர்கள் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

வீடுகளுக்கென ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுப் பாலிஸி 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி கட்டடத்துக்குப் பாலிஸி எடுத்தால், அத்தொகையில் 20 சதவிகிதம், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், வீட்டுச் சாமான்களுக்குத் தானே சேரும். 10 லட்சம் பெறும் வீட்டை 5 லட்சத்துக்கு மட்டும் பதிவு செய்திருந்தால், 2 லட்ச நஷ்டத்துக்கு 1 லட்சமே கொடுப்பது பழைய வழக்கம். இப்பாலிஸியில் அந்த விகிதக் கழிவு இல்லை. ஆயின் நஷ்டஈடு பாலிஸியின் காப்புத் தொகை வரம்புக்கு உட்பட்டதே.

பிழைப்புக்குரிய தறியும் தளவாடமும் வீட்டுச் சாமானாகக் கருதப்படா. இவற்றுக்கு, 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கான ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ போன்ற தனிப் பாலிஸி வேண்டும். வீட்டுப் பாலிஸி ஒன்றே போதுமென நம் அங்கத்தினருள் சிலரேனும் இருந்துவிடக்கூடும் என அஞ்சுகிறோம்.

தீ அணைந்ததும் கம்பெனிக்கு உடனே தகவல் கொடுத்து, கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்க. தீயணைப்பு நிலையத்தின் அறிக்கைக்கும் அன்றே மனுச் செய்தல் நலம். சாம்பலை வாரிக் கொட்டிக் கூடத்தைக் கழுவிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். சர்வேயர் வந்து பார்க்கும்வரை அதனைச் செய்யலாகாது. கருகிய உத்தரமும், பாதி எரிந்த அச்சும் விழுதுமே அவர் காணும் சாட்சிகள். எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்க. அதற்காக நனைந்த துணியை அழுகவிட வேண்டுமென்பதில்லை. எஞ்சியதைக் காப்பாற்றுவதும் பாலிஸிதாரர் கடமையே.

சங்கம் கொடுத்த நூல் சங்கத்தின் சொத்து. அதன் நஷ்டத்தை நெசவாளர் தம் பட்டியலில் சேர்த்தால் முழுக் கோரிக்கைமீதும் ஐயம் எழும். காரியதரிசிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டால், சங்கம் தன் பாலிஸியின்கீழ் கோர இயலும். பாஸ் புத்தகம் எரிந்துபோயினும் கலங்க வேண்டாம். எந்தத் தேதியில், எந்த நம்பர் நூல், எத்தனை கட்டு என்பது சங்கத்தின் நூல் வழங்கு பேரேட்டில் இருக்கும். சான்றிட்ட நகல் ஒன்று பெற்றுக்கொள்க. தம் சொந்தப் பணத்தில் வாங்கிய நூலுக்குக் கடை ரசீதே ஆதாரம். அதனை வீட்டுப் பெட்டியில் மட்டும் வைப்பவர் அதையும் தீக்கே கொடுக்கிறார்.

கம்பெனி குறைத்துக் கொடுக்க முன்வந்தால், ‘முழு நிறைவாகப் பெற்றேன்’ என்னும் சீட்டில் அவசரப்பட்டுக் கையொப்பமிடலாகாது. பின்னர் வழக்காடுவது கடினம். முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்புக. ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையெனினும், பதில் திருப்தியாக இல்லையெனினும், ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யலாம். சென்னையிலும் அவ்வலுவலகம் உண்டு. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.