சாக்லேட் கட்டி ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: சினைப்பையில் 'சாக்லேட் கட்டி' என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தாலும் திரும்ப வரலாம் என்கிறார்களே, ஏன்?
– வாசகி, சின்னசேலம்

பதில்: கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு சினைப்பையில் வேரூன்றிக் கசிந்து, பழைய இரத்தம் கரும்பழுப்புக் குழம்பாகத் தேங்குவதே இக்கட்டி. அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921இல் இதை விரிவாக விளக்கினார். மாதவிலக்குக் குருதி கருக்குழாய் வழியே பின்னோக்கி வழிவது பெரும்பாலான பெண்களுக்கு நேர்வதுதான் என்பதால், சிலரிடம் மட்டும் அக்குருதியோடு செல்லும் உட்சவ்வுச் செல்கள் எவ்வாறு பிழைத்து வேரூன்றுகின்றன என்பதே மெய்யான புதிர். செல்களுக்கிடையே செய்தி கடத்தும் சமிக்ஞைப் புரதங்களில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. விஇஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணி புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்ய, இன்டர்லூக்கின்-6 முதலானவை அழற்சியைக் கிளறுகின்றன; அழற்சியில் பெருகும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் கொழுப்புப்பொருள் அரோமடேஸ் நொதியை முடுக்க, அந்நொதி கட்டிக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனை ஆக்குகிறது; அந்த ஈஸ்ட்ரோஜனோ மீண்டும் அழற்சியை வளர்க்கிறது. கத்தி திசுவை அகற்றுமே ஒழிய, மாதந்தோறும் சுரக்கும் ஹார்மோனை நிறுத்தாது. ஆகவேதான், உடனே கருத்தரிக்க விரும்பாதவர்களுக்கு அறுவைக்குப் பின் டைனோஜெஸ்ட் போன்ற மாத்திரைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. சிஏ-125 என்னும் இரத்தப் பரிசோதனை எண் இந்நோயிலும் உயரக்கூடும் என்பதால், அதை மட்டும் பார்த்துப் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஸ்கேன் அறிக்கையுடன் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் மருத்துவரை அணுகலாம்.